யார் பிள்ளை வாசலுக்கு வெளியே? அமெரிக்கப் பள்ளிகளில் நிறமும் தண்டனையும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது பெஞ்சு மேல் ஏறி நிற்காதவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். சிரிக்கிறீர்கள், கை ஒன்றும் மேலே வரக் காணோம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாமல் போனவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அந்தப் பாடத்தை ஆலையில் மேஸ்திரியும் களத்துமேட்டில் காரியஸ்தரும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நம்மைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது நம் அப்பன்மார் வாத்தியாரிடம் என்ன சொன்னார்கள்? "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!" என்றார்கள். பிள்ளை மேல் பாசம் இல்லாமலா அப்படிச் சொன்னார்கள்? இல்லை. தாங்கள் படிக்காத படிப்பைப் பிள்ளையாவது படிக்கட்டும் என்ற ஆசையில் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு நம்பிக்கையும் இருந்தது. வாத்தியார் பிரம்பை எடுத்தால் காரணத்தோடுதான் எடுப்பார். பண்ணையார் பிள்ளைக்கும் பண்ணையாள் பிள்ளைக்கும் ஒரே அளவில்தான் கொடுப்பார் என்ற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். இதற்கு நான் எடுத்துக்கொண்ட தேசம் அமெரிக்கா. ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே 1968-ம் ஆண்டிலிருந்து சர்க்காரின் கல்வி இலாகா பள்ளிகளில் கணக்கு எடுத்து வருகிறது. எந்தப் பிள்ளை வெளியே அனுப்பப்பட்டது, அது கறுப்பா வெள்ளையா, ஆணா பெண்ணா என்றெல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது. கணக்கு இருக்கிற இடத்தில் பொய் நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது.

கணக்கு சொல்லும் கதை

அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் வழங்கும் தண்டனை பிரம்படி அல்ல. தெற்கு ராஜ்யங்கள் பலவற்றில் மரப்பலகையால் அடிப்பதை இன்றும் சட்டம் அனுமதிக்கிறது என்பது உண்மையே. ஆனால் தேசம் முழுவதும் நடப்பது 'சஸ்பென்ஷன்'. இந்தச் சொல்லை ஆலைத் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "நாளை முதல் வராதே" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள். 3 நாளோ, 5 நாளோ, 10 நாளோ பிள்ளை வீட்டில் கிடக்க வேண்டும். அதற்கு மேலே போனால் 'டிஸ்மிஸ்', பள்ளியை விட்டே நீக்கம்.

2013-14-ம் பள்ளி ஆண்டில் இப்படி ஒரு தடவையாவது வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் சுமார் 28 லட்சம். யார் பிள்ளைகள் இவர்கள்? வெள்ளைச் சிறுவர்களில் நூற்றுக்கு 5 பேர். கறுப்பினச் சிறுவர்களில் நூற்றுக்கு 18 பேர். அதாவது கறுப்பினச் சிறுவர்கள் 100 பேர் படிக்கும் பள்ளியில், ஒரே வருஷத்தில் 18 பேர் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

சிறுமிகள் கதை என்ன? வெள்ளைச் சிறுமிகளில் நூற்றுக்கு 2 பேர். கறுப்பினச் சிறுமிகளில் நூற்றுக்கு 10 பேர்.

தாய்மார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆண் பிள்ளைதான் குறும்பு, பெண் பிள்ளை அடக்கம் என்பது எந்த ஊரிலும் பேசும் பேச்சு. வாத்தியாரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் ஆண் பிள்ளைதான். ஆனால் அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமி வெள்ளைச் சிறுவனைவிட இரண்டு பங்கு அதிகமாகத் தண்டிக்கப்படுகிறாள்! தன் நிறத்து ஆண் பிள்ளைகளைவிட அவள் குறைவாகத்தான் தண்டிக்கப்படுகிறாள். ஆனால் வெள்ளைச் சிறுமியோடு ஒப்பிட்டால் 5 மடங்கு. ஆண்களிடையே இந்த இடைவெளி 3 மடங்கு சொச்சம். பெண்ணாகப் பிறந்ததால் வெள்ளைச் சிறுமிக்குக் கிடைக்கிற சலுகை கறுப்பினச் சிறுமிக்குக் கிடைப்பதில்லை. நிறம் குறுக்கே நின்று அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

இன்னும் கேளுங்கள். 3 வயது, 4 வயதுக் குழந்தைகள் போகும் பாலர் வகுப்பு. அங்கேயும் சஸ்பென்ஷன் உண்டு! அதே ஆண்டில் பாலர் வகுப்புக் குழந்தைகளில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 19. வெளியே அனுப்பப்பட்ட குழந்தைகளிலோ நூற்றுக்கு 47. மூக்கை ஒழுங்காகச் சிந்தத் தெரியாத குழந்தை அது. அது செய்த ஒழுங்கீனம் என்னவாக இருக்கும்?

"அவர்கள் அதிகம் சேஷ்டை செய்கிறார்களோ?"

நியாயமான கேள்விதான். கேட்டுத்தான் ஆக வேண்டும். தண்டனை அதிகம் என்றால் குற்றமும் அதிகமாக இருக்கலாம் அல்லவா?

இந்தியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரஸல் ஸ்கிபா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு பெரிய நகரத்தின் 19 நடுநிலைப் பள்ளிகள். சுமார் 11,000 பிள்ளைகள். எந்தப் பிள்ளையை வாத்தியார் எந்தக் குற்றத்துக்காகத் தலைமை ஆசிரியரிடம் அனுப்பினார் என்ற ஏட்டை எடுத்துப் புரட்டினார்கள்.

வெள்ளைப் பிள்ளைகள் மீது அதிகமாக எழுதப்பட்டிருந்த குற்றங்கள்: புகை பிடித்தது, சொல்லாமல் வெளியே போனது, பள்ளிச் சாமான்களை உடைத்தது, ஆபாசமாகத் திட்டியது. கறுப்பினப் பிள்ளைகள் மீது அதிகமாக எழுதப்பட்டிருந்த குற்றங்கள்: மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், வேலையில்லாமல் சுற்றி நின்றது.

இரண்டு பட்டியலுக்கும் வித்தியாசம் தெரிகிறதா, தோழர்களே? பீடித் துண்டு கீழே கிடக்கும், எடுத்துக் காட்டலாம். உடைந்த கண்ணாடியைக் கையில் பிடித்துக் காட்டலாம். ஆனால் 'மரியாதைக் குறைவை' எதில் பிடித்துக் காட்டுவது? சத்தம் 'அதிகம்' என்று அளக்கிற படி எந்தக் கடையில் விற்கிறது? அந்தக் குற்றம் பார்க்கிறவர் கண்ணிலும் கேட்கிறவர் காதிலும்தான் இருக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. "இரவு 2 மணிக்கு மிஷின் பக்கத்தில் தூங்கினான்" என்று மெமோ வந்தால் நாம் வாதாடலாம். யார் பார்த்தது, எந்த மிஷின், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்கலாம். "மேஸ்திரியை முறைத்துப் பார்த்தான்" என்று மெமோ வந்தால் என்ன கேட்பது? 1946-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சர்க்கார் வகுத்த மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் குற்றம் திருட்டு அல்ல. திருட்டு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலாவது, 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை'! சாமான் போனதைவிட, சொன்னதைக் கேட்காததுதான் முதலாளிக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. கலிபோர்னியா ராஜ்யத்துப் பள்ளிச் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே சொல்தான் இருந்தது: 'வேண்டுமென்றே எதிர்த்து நிற்பது.' பென்சில் கொண்டுவராத பிள்ளை, வாத்தியாருக்குப் பதில் சொன்ன பிள்ளை, எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். எல்லாக் காலுக்கும் பொருந்துகிற செருப்பு அது. ஆனால் போட்டது யார் காலில் என்பதுதான் விஷயம்.

டெக்ஸாஸ் ராஜ்யத்தில் இன்னும் பெரிய ஆராய்ச்சி நடந்தது, 2011-ல் வெளிவந்தது. 7-ம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 10 லட்சம் பேரை, அவர்கள் 12-ம் வகுப்பை எட்டும் காலம் வரை ஏடுகளிலேயே தொடர்ந்து போனார்கள். ராஜ்யச் சட்டம் 'தண்டித்தே ஆக வேண்டும்' என்று சொல்லும் பெருங்குற்றங்களுக்காகத் தரப்பட்ட தண்டனை நூற்றுக்கு 3 மட்டுமே. மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தார் இஷ்டம். அந்த இஷ்டம் எப்படி வேலை செய்தது? மற்ற எல்லா விதத்திலும் ஒத்திருந்த வெள்ளைப் பிள்ளையைவிட, கறுப்பினப் பிள்ளை இஷ்டத் தண்டனைக்கு ஆளாகும் வாய்ப்பு நூற்றுக்கு 31 அதிகம். சட்டம் கையைக் கட்டிப் போட்டிருந்த இடத்தில் நிறம் அவ்வளவாக நுழையவில்லை. வாத்தியாரின் இஷ்டத்துக்கு விட்ட இடத்தில் நுழைந்துவிட்டது.

"ஏழ்மைதான் காரணமோ?"

இது நம்மைப் போன்றவர்கள் உடனே கேட்கிற கேள்வி. கறுப்பின மக்களில் ஏழைகள் அதிகம். ஏழைப் பிள்ளை பசியோடு வருகிறது, தூக்கமில்லாமல் வருகிறது, வகுப்பில் எரிந்து விழுகிறது. ஆகவே நிறம் என்று தெரிவது உண்மையில் வறுமைதானே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அமெரிக்கப் பார்லிமெண்டின் தணிக்கை அலுவலகம் 2018-ல் கொடுத்த அறிக்கை அந்த நினைப்பை அப்படியே விட்டு வைக்கவில்லை. 2013-14-ல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 15 சொச்சம். சஸ்பெண்டு ஆனவர்களில் நூற்றுக்கு சுமார் 39. வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளிலும் சரி, வசதி படைத்தவர்கள் பள்ளிகளிலும் சரி, இந்த வித்தியாசம் அப்படியே இருந்தது. வறுமை தன் பங்குக்குப் பிள்ளையை வாட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பினப் பிள்ளையின் தகப்பன் நாலு காசு சம்பாதித்து நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டாலும் நிறம் கூடவே வாசல் வரை வந்து நிற்கிறது. வயிற்றுப் பிரச்சினை தீர்ந்தால் இதுவும் தானாகவே தீர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. இதை இதற்கென்றே தனியாக எதிர்த்துத்தான் தீர வேண்டும்.

வாத்தியார் கண் எங்கே போகிறது?

2016-ல் யேல் சர்வகலாசாலையில் ஒரு சோதனை செய்தார்கள். பாலர் வகுப்பு ஆசிரியர்கள் முதலானோர் 135 பேரை உட்கார வைத்து, 4 குழந்தைகள் விளையாடுகிற படத்தைக் காட்டினார்கள். ஒரு கறுப்பினச் சிறுவன், ஒரு கறுப்பினச் சிறுமி, ஒரு வெள்ளைச் சிறுவன், ஒரு வெள்ளைச் சிறுமி. "சேஷ்டை தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள்" என்று சொன்னார்கள். ஆசிரியர்களின் கண் எங்கே போகிறது என்பதை ஒரு கருவி குறித்துக்கொண்டே வந்தது. உண்மையில் அந்தப் படத்தில் எந்தக் குழந்தையும் எந்தச் சேஷ்டையும் செய்யவில்லை! ஆனால் கண் அதிக நேரம் நின்ற இடம் கறுப்பினச் சிறுவன் முகம்.

வயலில் நாற்று நடும்போது காரியஸ்தர் ஒருத்தியை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றால், அன்றைக்குத் தப்பு அவள் வரிசையில்தான் கண்டுபிடிக்கப்படும். மற்றவர்கள் வரிசையில் தப்பு இல்லை என்பதல்ல. பார்க்க ஆள் இல்லை.

சிறுமிகள் விஷயத்தில் வேறொரு கொடுமை உண்டு. 2017-ல் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரியார் பெரியவர்கள் 325 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். ஒரே வயதுதான், ஆனால் கறுப்பினச் சிறுமிக்கு வெள்ளைச் சிறுமியைவிடப் பாதுகாப்பும் அரவணைப்பும் குறைவாகப் போதும், அவளுக்கு வயதுக்கு மீறி விஷயம் தெரியும் என்ற எண்ணம் அவர்கள் பதில்களில் வெளிப்பட்டது. 5 வயதிலிருந்தே இந்த எண்ணம் தொடங்கிவிடுகிறது. வெள்ளைச் சிறுமி எதிர்த்துப் பேசினால் "குழந்தை, தெரியாமல் பேசுகிறது." கறுப்பினச் சிறுமி பேசினால் "பெரிய மனுஷி மாதிரி வாயாடுகிறாள்." சின்ன வயதிலேயே வேலைக்குப் போன நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டுமா? குழந்தையாய் இருக்கிற உரிமையே முதலில் பறிபோகிறது.

தலைமயிர் கூடக் குற்றமாகியிருக்கிறது. 2017-ல் மாசசூஸெட்ஸ் ராஜ்யத்தில் 15 வயது இரட்டைப் பிறவிச் சகோதரிகள் இருவர், தங்கள் ஜனங்களின் வழக்கப்படி சவுரி சேர்த்துச் சிறு சிறு பின்னலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். உடை விதிக்கு விரோதம் என்று பள்ளி நேரத்துக்குப் பிறகு நிறுத்தி வைத்தார்கள். விளையாட்டுக் குழுவிலிருந்து விலக்கினார்கள். அந்த விதி பாரபட்சமானது என்று ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலே சொல்ல வேண்டி வந்தது. இப்படிப்பட்ட விதிகளைத் தடுக்கும் சட்டத்தை 2019-ல் முதல் முதலாகக் கலிபோர்னியா கொண்டுவந்தது.

இது எங்கிருந்து வந்தது?

1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய வெற்றி. ஆனால் தெற்கு ராஜ்யங்களில் அதை நிறைவேற்றிய விதம் என்ன? பெரும்பாலும் கறுப்பினத்தார் பள்ளிகளைத்தான் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் வெள்ளைப் பள்ளிக்குள் வந்தார்கள். அவர்களை அறிந்த ஆசிரியர்கள் வாசலுக்கு வெளியே போனார்கள். கறுப்பின ஆசிரியர் இருக்கிற வகுப்பில் கறுப்பினப் பிள்ளை வெளியே அனுப்பப்படுவது குறைகிறது என்று வடக்குக் கரோலினா ராஜ்யத்தின் ஏடுகளை ஆராய்ந்தவர்கள் 2017-ல் காட்டினார்கள். அப்படியானால் அந்த ஆசிரியர்களை வேலை நீக்கம் செய்ததில் போனது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

1975-ல் மரியன் ரைட் எடெல்மன் அம்மையார் தலைமையில் இருந்த குழந்தைகள் பாதுகாப்பு நிதி என்ற ஸ்தாபனம் சர்க்கார் கணக்குகளை எடுத்து அலசி, கறுப்பினப் பிள்ளைகள் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக சஸ்பெண்டு ஆகிறார்கள் என்று வெளியிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்!

பிறகு 1994-ல் துப்பாக்கியோடு வரும் பிள்ளையை ஓராண்டு நீக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு வந்த கண்டிப்பு மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் பரவியது. 'துளியும் பொறுக்க மாட்டோம்' என்பதே பள்ளிகளின் மந்திரமாயிற்று. கூடவே போலீஸ்காரரும் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பள்ளி வாசலிலிருந்து ஜெயில் வாசலுக்கு

சஸ்பெண்டு ஆன பிள்ளை எங்கே போகும்? தகப்பனும் தாயும் வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளை தெருவில் நிற்கும். தெருவில் போலீஸ் நிற்கும். டெக்ஸாஸ் ஆராய்ச்சி இதையும் கணக்கெடுத்தது. இஷ்டத் தண்டனையில் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை, அடுத்த ஆண்டில் சிறுவர் கோர்ட்டின் பிடியில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

மிஸிஸிப்பி ராஜ்யத்து மெரிடியன் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2012-ல் மத்திய சர்க்காரின் நீதி இலாகாவே அங்குள்ள அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்தது. பள்ளியில் நடந்த சிறு தவறுகளுக்காகப் பிள்ளைகளைக் கைவிலங்கு மாட்டிச் சிறுவர் சிறைக்குக் கொண்டுபோய், நாள் கணக்கில் விசாரணையில்லாமல் வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உடை விதியை மீறியதும், ஆசிரியரை எதிர்த்துப் பேசியதும் கூட அந்தத் தவறுகளில் சேர்த்தி. மறு ஆண்டு பள்ளி நிர்வாகம் தன் விதிகளை மாற்றிக்கொள்வதாகக் கோர்ட்டில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

2015 அக்டோபரில் தெற்குக் கரோலினாவில் ஒரு ஹைஸ்கூல் வகுப்பு. 16 வயதுக் கறுப்பின மாணவி வகுப்பை விட்டு எழுந்து போக மறுத்தாள். போலீஸ்காரர் வந்து மேஜையோடு அவளைக் கவிழ்த்துத் தரையில் இழுத்தெறிந்தார். அந்த வகுப்பிலேயே இருந்த இன்னொரு கறுப்பின மாணவி, "இது அக்கிரமம்" என்று குரல் எழுப்பி, தன் டெலிபோனில் படமும் பிடித்தாள். அவளையும் கைது செய்தார்கள்! என்ன குற்றம்? 'பள்ளிக்கு இடையூறு செய்தது.' அந்தப் படம் தேசம் முழுவதும் பரவியது. போலீஸ்காரர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மாணவிகள் மீது போட்ட வழக்கு கைவிடப்பட்டது.

2019 செப்டம்பரில் புளோரிடா ராஜ்யத்து ஆர்லாண்டோவில், வகுப்பில் அழுது அடம்பிடித்துக் காலால் உதைத்த ஒரு கறுப்பினச் சிறுமியின் கையைப் பிளாஸ்டிக் வாரால் கட்டிப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். அவளுக்கு வயது 6. பிறகு 2021-ல் அந்த ராஜ்யம் கைதுக்குக் குறைந்தபட்ச வயது வைத்தது. எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 7 வயது!

எதிர்த்து நின்றவர்கள்

இத்தனையும் கேட்டுவிட்டு மனம் சோர வேண்டாம். எதிர்த்து நின்றவர்கள் உண்டு. அவர்களில் பலர் பிள்ளைகளே.

1971-ல் ஓஹையோ ராஜ்யத்துக் கொலம்பஸ் நகரத்துப் பள்ளிகளில் கலகம் மூண்டது. விசாரணை எதுவும் இல்லாமல் பிள்ளைகளை 10 நாள் வரை வெளியே அனுப்பினார்கள். ஒரு பள்ளியில் ஒரே நாளில் குறைந்தது 75 பேர் என்று ஒரு மாணவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். தான் எதிலும் சேரவில்லை, சும்மா நின்றேன் என்றும் சொன்னார். போலீஸ் பிடித்து, குற்றம் எதுவும் சாட்டாமல் விட்டுவிட்ட ஒரு மாணவியையும் மறுநாளே 10 நாள் சஸ்பெண்டு செய்திருந்தார்கள். 9 பிள்ளைகள் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1975 ஜனவரியில் தீர்ப்பு. குற்றம் இன்னதென்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்; ஆதாரத்தை விளக்க வேண்டும்; பிள்ளை தன் கட்சியைச் சொல்ல இடம் தர வேண்டும். 5 நீதிபதிகள் ஆம் என்றார்கள், 4 பேர் கூடாது என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் பிள்ளைக்கு வாய் கிடைத்தது!

நம் ஆலையில் சார்ஜ் ஷீட்டும் என்கொயரியும் சஸ்பென்ஷன் காலத்துக்குப் பாதிச் சம்பளமும் யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல. சங்கம் கட்டி வாங்கியவை. அதே மாதிரிதான் இதுவும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் பள்ளிக்குத் தாமதமாக வருகிற பிள்ளையைப் போலீஸ் தெருவில் பிடித்து 250 டாலருக்கு மேல் அபராதச் சீட்டுக் கொடுத்து வந்தது. பஸ் நேரத்துக்கு வரவில்லை என்றாலும் அபராதம்! மாணவர்களும் பெற்றோரும் தொழிலாளர் ஸ்தாபனங்களும் சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். 2012-ல் நகரசபை அந்த விதியைத் திருத்தியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், 'வேண்டுமென்றே எதிர்த்து நிற்பது' என்ற குற்றத்துக்காகப் பிள்ளையை வெளியே அனுப்புவதை லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாக சபை அடியோடு நிறுத்தியது. அதற்குப் பிறகு ராஜ்யச் சட்டமும் படிப்படியாக மாறியது. 5-ம் வகுப்பு வரை இந்தத் தண்டனைக்கு நிரந்தரத் தடை. 2023-ல் வந்த சட்டம் மேல் வகுப்புகளுக்கும் 2029 ஜூலை வரை தடையை நீட்டியது.

தெற்குக் கரோலினாவில் படம் பிடித்த மாணவியும் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அந்தச் சட்டத்தின் மேலேயே வழக்குப் போட்டாள். மாணவர்கள் மீது அந்தச் சட்டத்தைப் பிரயோகித்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2023-ல் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது. குற்றம் இன்னதென்று தெளிவாகச் சொல்லாத சட்டம் செல்லாது என்பதே காரணம். 'மரியாதைக் குறைவு' என்ற வகையைச் சேர்ந்த ஒரு குற்றத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்தே ஒரு பெண் கிழித்தெடுத்தாள்!

ஆனால் எதிர்ப்பக்கமும் தூங்கவில்லை. தண்டனையில் நிற பேதம் கூடாது என்று 2014-ல் மத்திய சர்க்கார் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலை 2018 டிசம்பரில் டிரம்ப் சர்க்கார் வாபஸ் வாங்கியது. அவர் திரும்பவும் பதவிக்கு வந்த 2025-ல், மார்ச் மாதம், கல்வி இலாகாவில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் 12 வட்டார அலுவலகங்களில் 7-ஐ மூட உத்தரவாயிற்று. ஏப்ரல் 23-ல் பள்ளி ஒழுக்கம் பற்றித் தனி ஆணையே பிறந்தது. தண்டனைக் கணக்கில் நிறவாரி வித்தியாசம் இருப்பதை மட்டும் வைத்துப் பள்ளியைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். கணக்கு என்றால் யாருக்குப் பயம் என்று தெரிகிறதல்லவா?

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளின் மொத்தத் தொகை குறைந்திருக்கிறது. 2011-12-ல் சுமார் 35 லட்சம்; 2017-18-ல் சுமார் 25 லட்சம். ஆனால் அந்த 2017-18-லும், மொத்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 8-க்கும் குறைவாக இருந்த கறுப்பினச் சிறுவர்கள் சஸ்பெண்டு ஆனவர்களில் நூற்றுக்கு 25 பேர். கறுப்பினச் சிறுமிகள் நூற்றுக்கு 7 சொச்சம். சஸ்பெண்டு ஆனவர்களில் 13 சொச்சம். பிரம்பு சின்னதாயிற்று, விழுகிற முதுகு மாறவில்லை.

"அப்படியானால் ஒழுங்கே வேண்டாமா?"

வேண்டும். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை அடித்தால் தடுக்கத்தான் வேண்டும். 40 பேர் படிக்கிற இடத்தில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தால் மற்ற 39 பேரும் நம் பிள்ளைகள்தானே? ஆசிரியரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர். நெரிசலான வகுப்பில் தனி ஆளாக நின்று தவிக்கிறவர். அவரை விரோதியாக்கிப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

அந்த ஆசிரியருக்கு அமெரிக்க சர்க்கார் என்ன துணை கொடுத்தது என்று பாருங்கள். 2019-ல் வெளியான ஓர் அறிக்கை சொல்லுகிறது: 1 கோடியே 40 லட்சம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் போலீஸ் உண்டு, ஆனால் மனநலம் பார்ப்பவர், நர்ஸ், ஆலோசகர், சமூக ஊழியர் ஆகியோரில் ஒருவராவது இல்லாத குறை அங்கே உண்டு. பிள்ளை ஏன் உதைக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. உதைத்த காலைப் பிடிக்க ஆள் இருக்கிறது! வெளியே அனுப்புவதற்குப் பதிலாகச் சண்டையிட்ட இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் முறையை ஓக்லண்ட் முதலிய நகரங்களில் பள்ளிகள் கையாளத் தொடங்கின. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். "வெளியே போ" என்பதற்கு ஒன்றும் வேண்டாம். அதனால்தான் அது மலிவாக நடக்கிறது.

வாசலில் என்ன சொல்லுவோம்?

முடிக்கிறேன், தோழர்களே. நம் தேசத்தில் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 8-ம் வகுப்பு முடிகிற வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. அடிக்கக் கூடாது, மனம் நோகச் செய்யக் கூடாது என்றும் சொல்லுகிறது. சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை எத்தனை தடவை வெளியே நின்றது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அமெரிக்கக் கறுப்பினத் தாய்மார்கள் கேட்டார்கள். கணக்கை எடுத்துக்கொண்டு கேட்டார்கள். கேட்ட பிறகுதான் பதில் வந்தது.

ஆகவே நாளைக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லாதீர்கள். தோலை உரிக்கச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் தோலைப் பார்த்துத்தான் உரித்தார்கள். கைகட்டாமல், மரியாதையோடு, இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, என் பிள்ளை தப்புச் செய்தால் என்ன தப்பு என்று எனக்குச் சொல்லுங்கள். அவன் பக்கத்து நியாயத்தையும் ஒரு தடவை கேளுங்கள். இதே தப்பை ஊர்ப் பெரியவர் வீட்டுப் பிள்ளை செய்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதையே என் பிள்ளைக்கும் செய்யுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."